நெய்தற் சிறாரின் கருத்து வளர்ச்சி

கற்றல் குழந்தையின் உள்ளத்தில் எவ்வாறு நிகழ்கின்றது என ஆராயப் புகுவார்க்கு, இராமேசுவரத் தீவில் 1940களின் தொடக்கத்தில் நடந்த ஒரு பாடம் நல்ல சான்றாகும். அவ்வூர்த் தொடக்கப்பள்ளியில் ஐந்தாம் வகுப்பு மாணவர்க்குச் சிவசுப்பிரமணிய ஐயர் என்னும் அறிவியல் ஆசிரியர், பறவை எங்ஙனம் பறக்கின்றது என்பதை ஒருநாள் விளக்கினார். கரும்பலகையில் பறவையின் உருவை வரைந்து, தலையும் உடலும் இறக்கையும் வாலும் குறித்து, அது மேலெழும் முறையையும் திசை மாறும் முறையையும் எடுத்துரைத்தார். முடிவில், விளங்கிற்றா என வினவினார். விளங்கவில்லை என்று ஒரு மாணவர் சொன்னார். வேறு பலரும் அவ்வாறே கூறினர். ஆசிரியர் சினந்தாரல்லர். அன்று மாலையே மாணவரைக் கடற்கரைக்கு அழைத்துச் சென்று, பறந்து செல்லும் பறவைகளைக் காட்டி அதே பாடத்தை மீண்டும் நடத்தினார். விளங்கவில்லை என்று முதலிற் சொன்ன அம்மாணவர், 1931ஆம் ஆண்டு அக்டோபர் 15ஆம் நாள் அத்தீவிற் பிறந்த ஆ. ப. ஜெ. அப்துல் கலாம். பின்னாளில் வானூர்திப் பொறியியல் கற்று, 2002 முதல் 2007 வரை இந்தியக் குடியரசுத் தலைவராக விளங்கிய அவர், தம் வாழ்வின் போக்கினை வகுத்தது அம்மாலைப் பொழுதே என மாணவர் கூட்டங்களிற் பன்முறை கூறியுள்ளார்.

இந்நிகழ்ச்சியை எடுத்தாள்வோர் பெரும்பாலும், ஏட்டுக் கல்வியினும் கண்ணாற் காணும் கல்வியே சிறந்தது என்னும் முடிபினை அதிலிருந்து பெறுவர். அம்முடிபு நமக்கு நிறைவு தரவில்லை. அப்பள்ளிச் சிறார் கடற்பறவைகளை அன்றுதான் முதன்முதற் கண்டார் அல்லர். தவழ்ந்த நாள் தொட்டு அவர்தம் கண்முன் கடற்காகமும் கொக்கும் பறந்துகொண்டேயிருந்தன. காட்சி ஒன்றே கற்பிக்க வல்லதாயின், பறத்தலின் இயல்பை அவர்கள் ஐந்தாம் வகுப்பிற்கு வருமுன்னரே அறிந்திருத்தல் வேண்டும். கரும்பலகை மட்டும் இருந்த வேளையில் விளங்கவில்லை. கடற்கரை மட்டும் இருந்த பத்தாண்டுகளிலும் விளங்கவில்லை. இரண்டும் ஒரே நாளிற் கூடியபோது விளங்கிற்று. அக்கூட்டத்தின் இயல்பு யாது என்பதே ஈண்டு நாம் ஆராய எடுத்துக்கொண்ட பொருள். இஃது உளநூலார்க்கு மட்டுமே உரியதன்று. சொல்லும் பொருளும் குழந்தை உள்ளத்திற் பொருந்தும் இடம் இதுவாதலின், தமிழாய்வார்க்கும் இதில் உரிமையுண்டு.

சான்றின் வலிமையை முதற்கண் அளந்துகொள்ளுதல் நன்று. மேற்காட்டிய செய்தி, முதிர்ந்த ஒருவர் தம் இளமையை நினைந்து கூறியது. நினைவு என்பது பெட்டியில் வைத்த பொருளை அவ்வாறே எடுத்துத் தருவதன்று. ஒவ்வொரு முறையும் புதிதாகக் கட்டப்படுவது என்பதனைக் கேம்பிரிட்சுப் பேராசிரியர் பார்ட்லெட் 1932இல் வெளியிட்ட ஆய்வில் நிறுவினார். தமிழ் மாணவர்க்கு இவ்வுண்மை புதிதாகாது. புறநானூற்றின் 243ஆம் பாடலில், தொடித்தலை விழுத்தண்டினார் என்னும் முதியவர் கோலூன்றி இருமலோடு நின்று, மணற்பாவைக்குப் பூச்சூட்டியதையும், மரக்கிளையினின்று ஆழ்ந்த மடுவிற் பாய்ந்து அடிமணலை அள்ளிக் காட்டியதையும் நினைந்து இரங்குகின்றார். அங்கே நாம் காண்பது சிறுவனை அன்று. சிறுவனை நினைக்கும் முதியவரையே. கலாம் அவர்கள் கூறும் செய்தியும் அத்தகையதே. ஆதலின் அதனைத் தனித்த சான்றாகக் கொண்டு ஒரு கொள்கையை நிறுவுதல் ஏலாது. பிற ஆய்வுகளோடு ஒட்டிவைத்துக் காணுதலே முறை.

குழந்தையின் வளர்ச்சியைப் பருவம் பருவமாகப் பகுத்துப் பாடும் மரபு நம்மிடம் உண்டு. குழவியைப் பாடுதற்குத் தொல்காப்பியப் புறத்திணையியல் இடந்தருகின்றது. பெரியாழ்வார் கண்ணனைக் குழவியாக்கிப் பாடினார். ஒட்டக்கூத்தரின் குலோத்துங்கன் பிள்ளைத்தமிழ் பன்னிரண்டாம் நூற்றாண்டில் இம்மரபிற்கு முழுவடிவம் தந்தது. காப்பு முதற் சிறுதேர் ஈறாக வரும் பத்துப் பருவங்களை 3ஆம் திங்கள் தொடங்கி 21ஆம் திங்கள் வரை ஒற்றைப்பட்ட திங்கள்களில் அமைத்துப் பாடுக என்பது பாட்டியலார் கொள்கையுள் ஒன்று. நூலுக்கு நூல் வேறுபாடும் உண்டு. ஐந்தாம் திங்களிற் செங்கீரையாடித் தலைநிமிர்தல், ஒன்பதாம் திங்களிற் கைகொட்டிச் சப்பாணியாடல், பதின்மூன்றாம் திங்களில் நடந்து வருதல் என்னும் இவை இக்கால மருத்துவர் வகுக்கும் உடலியக்க வளர்ச்சி அட்டவணையோடு பெரிதும் ஒத்திருத்தல் வியப்பிற்குரியது. தொட்டிலருகே பலகாலம் நின்று கண்டவர் வகுத்த வகுப்பு அது என்பதில் ஐயமில்லை.

ஆயினும், குழந்தை உளநூல் முழுவதும் நம் பிள்ளைத்தமிழில் அடங்கியுள்ளது என நம்மவர் சிலர் மேடைகளில் முழங்குவதனை நாம் உடன்படுதற்கில்லை. பாட்டியலார் கண்டது குழந்தையின் மெய்யசைவும் அதனைக் கண்டு மகிழும் தாயின் உள்ளமுமே ஆகும். குழந்தை யாது எண்ணுகிறது என அவர் வினவினாரல்லர். அது அவர்தம் நோக்கமும் அன்று. அன்றியும், குழந்தை வாய்திறந்து 'ஏன்' என்று கேட்கத் தொடங்கும் அகவைக்கு முன்னரே பிள்ளைத்தமிழ் முடிந்துவிடுகின்றது. நம் வினாவோ அங்கேதான் தொடங்குகின்றது.

அவ்வினாவைக் கையிலெடுத்தவர் சுவிட்சர்லாந்து நாட்டு அறிஞர் பியாஜே (1896–1980). குழந்தை தவறாக விடையளிக்குங்கால் அத்தவற்றைத் திருத்துவதை விடுத்து, அதன் உள்ளே ஓர் ஒழுங்கு இருத்தல் கூடுமோ எனத் தேடியதே அவர்தம் பெருமை. ஈராண்டு வரை புலனாலும் அசைவாலும் அறிதல். ஏழாண்டு வரை சொல்லும் உருவமும் கொண்டு, ஆனால் தன் பார்வை ஒன்றையே உலகின் பார்வையாகக் கொண்டு எண்ணுதல். பதினோராண்டு வரை கண்ட பொருள்களைப் பற்றி முறைப்பட எண்ணுதல். அதன்பின் காணாதவற்றையும் கருதிப் பார்த்தல் என நான்கு நிலைகளை அவர் வகுத்தார். இவ்வகவை எல்லைகள் நாட்டுக்கு நாடும் பொருளுக்குப் பொருளும் நெகிழும் எனப் பிற்கால ஆய்வுகள் காட்டியுள்ளன. நிலைகளின் பெயரைப் போற்றுவதினும் அவர் கேட்ட வினாக்களை நினைவிற் கொள்ளுதலே நமக்குப் பயன் தரும்.

அவ்வினாக்களுள் ஒன்று திங்களைப் பற்றியது. நீ நடக்கும்போது நிலவு என் செய்கிறது எனக் கேட்டபோது, அது தம்மைத் தொடர்ந்து வருகிறது எனச் செனீவா நகரத்துச் சிறுவர் பலர் விடையிறுத்தனர். காற்று எங்கிருந்து வருகிறது என்றதற்கு, மரங்கள் அசைவதால் உண்டாகிறது என்றவரும் உளர். உயிரில்லாப் பொருளுக்கு உயிரும் விருப்பமும் ஏற்றிக் காண்பது இளங்குழந்தையின் இயல்பு எனப் பியாஜே முடிவு செய்தார். இதனைப் படிக்கும் தமிழ் மாணவர்க்கு அம்புலிப் பருவம் உடனே நினைவிற்கு வரும். ஆனால் ஒரு வேறுபாட்டைக் கருத வேண்டும். அம்புலியைக் குழந்தையோடு விளையாட வருக எனச் சாம பேத தான தண்டம் என்னும் நால்வகையாலும் அழைப்பவர் முதிர்ந்த புலவரும் தாயருமே. நிலவிற்கு உயிரேற்றும் வழக்கத்தைக் குழந்தை தானே கண்டுகொண்டதா, நாம் கற்பித்தோமா?

இவ்வினா வெறும் இலக்கியச் சுவைக்காக எழுப்பியதன்று. அமெரிக்க மானிடவியல் அறிஞர் மார்கரெட் மீட் இதனையே நேரில் ஆராய்ந்தார். பசிபிக் பெருங்கடலின் மானசுத் தீவில் நீரின்மேற் காலூன்றி எழுப்பிய வீடுகளில் வாழும் மீனவ மக்களிடையே 1928–29இல் தங்கிக் குழந்தைகளைக் கண்டறிந்து, 1932இல் தம் முடிபுகளை வெளியிட்டார். அச்சிறார், பியாஜே கூறியவாறு பொருள்களுக்கு உயிரேற்றவில்லை. ஓடம் மிதந்து போய்விட்டதெனில், அவ்வோடம் தீயது என்றோ ஓடிப்போயிற்று என்றோ கூறாது, அதனைச் சரியாகக் கட்டவில்லை எனவே கூறினர். அத்தீவில் உயிரேற்றிப் பேசியவர் பேய்களையும் ஆவிகளையும் நம்பிய பெரியோரே. மீனவர் குழந்தை ஓடத்தையும் நீரையும் மிக இளமையிலேயே கையாளக் கற்கவேண்டியிருந்தது. பெரியோர் ஓடத்திற்கு உயிரேற்றிக் கதைசொல்லிக் குழந்தையை மயக்கவுமில்லை. காரணத்தைத் தவறாக எண்ணினால் ஓடம் போய்விடும். சிலபோது உயிரும் போய்விடும். ஆதலின், சிந்தனை வளரும் வழி எல்லா நிலத்திலும் ஒன்றன்று என்பதும், கடல்சார் வாழ்க்கை குழந்தையைச் சில துறைகளிற் காரண அறிவிற்கு விரைந்து கொண்டு செலுத்தும் என்பதும் மீட் அவர்களின் ஆய்வால் நாம் பெறும் செய்திகள்.

இனி இராமநாதபுரக் கரைக்கு வருவோம். பாம்பன் சின்னப்பாலத்து மகளிர் மன்னார் வளைகுடாத் தீவுகளை ஒட்டிக் கடலில் மூழ்கிப் பாசி சேகரிப்பவர்கள். அமாவாசை, பௌர்ணமி ஆகியவற்றை ஒட்டிவரும் நாள்களைக் கணக்கிட்டுத் தொழிலுக்குச் செல்வது அவர்தம் வழக்கம். அவ்வீட்டுச் சிறுமிக்குத் திங்கள், அம்புலி மாமனாக அமைவதோடு நாட்காட்டியாகவும் அமைந்துவிடுகின்றது. அது தேய்வதும் வளர்வதும், அன்னை நாளைக் கடலுக்குச் செல்வாளா மாட்டாளா என்பதோடு பிணைந்த செய்தி. இவ்வகை அறிவைத் தொடக்கப்பள்ளி ஆசிரியர் எவரேனும் வினவினாலன்றிச் சிறுமி தானே எடுத்துரையாள். அது அறிவு என அவள் நினைத்திருக்கவும் மாட்டாள்.

இதனினும் சிறந்ததோர் எடுத்துக்காட்டு அத்தீவின் இரு கடல்கள். இராமேசுவரத்திற்கு வடக்கே பாக்கு நீரிணையைச் சார்ந்த கடலும், தெற்கே மன்னார் வளைகுடாவும் உள்ளன. வடகடல் அமைதியானது ஆதலின் பெண்கடல் என்றும், தென்கடல் சீற்றமுடையது ஆதலின் ஆண்கடல் என்றும் மக்கள் வழங்குவர். இளங்குழந்தை முதலிற் கற்பது இப்பெயர்களையே. அமைதி வடகடலின் குணம். சீற்றம் தென்கடலின் குணம். உப்பிற்குக் கரிப்புப் போலவும் வேம்பிற்குக் கைப்புப் போலவும் கடலுக்கு அமைதி ஒரு பண்பாகக் குழந்தை உள்ளத்திற் பதிகின்றது.

ஆனால் ஆண்டு முழுவதும் அவ்வாறு இராது. தென்மேற்கிலிருந்து காற்று வீசும் கச்சான் காலத்தில் தென்கடல் கொந்தளிக்கும். நிலத்தின் மறைவில் உள்ள வடகடல் அடங்கியிருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வாடை எழுந்து வடகிழக்கிலிருந்து வீசத் தொடங்கியதும் வடகடல் சீறும், தென்கடல் அடங்கும். படகுகளை ஒரு கரையிலிருந்து மறு கரைக்குக் காலந்தோறும் மாற்றிக் கொண்டுபோய்த் தொழில் செய்வதும் மண்டபம், பாம்பன் பகுதிகளில் உண்டு. இதனைக் கண்டு வளரும் சிறுவன் ஒரு நிலையில், அமைதி என்பது கடலின் பண்பன்று, காற்று வரும் திசைக்கும் நிலம் மறைக்கும் பக்கத்திற்கும் இடையே உள்ள உறவு என்று உணர்ந்தாக வேண்டும். பெண்கடல் என்னும் பெயர் மாறவில்லை. பெயருக்குப் பின்னிருந்த பொருள் மாறிவிட்டது. பொருளின் பண்பாகக் கொண்ட ஒன்றை இரு பொருள்களுக்கிடையே உள்ள உறவாக மாற்றி எண்ணுதல், பியாஜே கூறும் வளர்ச்சியின் உயிர்நிலை எனலாம்.

பியாஜேயும் அவருடன் பணியாற்றிய இன்கெல்டர் அம்மையாரும் 1948இல் வெளியிட்ட நூலில் மூன்று மலைகளின் உருவத்தை மேசைமேல் வைத்து, எதிர்ப்பக்கத்தில் இருக்கும் பொம்மைக்கு அவை எவ்வாறு தோன்றும் எனக் குழந்தைகளை வினவினர். இளங்குழந்தை, தனக்குத் தோன்றுவதே பொம்மைக்கும் தோன்றும் என்றது. இராமேசுவரச் சிறுவனுக்கு மலை உருவங்கள் வேண்டா. தன் தெருவிலிருந்து வடக்கே சிறிது நடந்தால் ஒரு கடல், தெற்கே நடந்தால் மற்றொரு கடல். ஒரே காற்று ஒன்றிற்கு எதிர்க்காற்றாகவும் மற்றொன்றிற்குக் கரைக்காற்றாகவும் இருக்கின்றது. இயற்கையே அமைத்து வைத்த ஆய்வுக்கூடம் அது.

மொழியும் இவ்வாறு குழந்தைக்கு உதவுதல் உண்டு. பியாஜே சிறுவரிடம், உனக்குச் சகோதரன் உண்டா எனக் கேட்பார், உண்டு என்பர். அச்சகோதரனுக்குச் சகோதரன் உண்டா என்றால், இல்லை என்பர். தன்னையும் ஒரு சகோதரனாகப் பிறர் பார்வையிற் காண அவர்களால் இயலவில்லை. தமிழில் இவ்வினாவைக் கேட்க முற்பட்டாலே ஓர் அருமை தோன்றும். நம் வீடுகளில் வழங்குவன அண்ணன், தம்பி என்னும் இரு சொற்கள். இரண்டிற்கும் பொதுவாக நின்று குழந்தை நாவில் இயல்பாக வழங்கும் ஒரு சொல் இல்லை. உனக்கு அண்ணன் உண்டா, உன் அண்ணனுக்குத் தம்பி உண்டா என்று கேட்டால், பார்வை மாறும்போது சொல்லே மாறிவிடுகின்றது. இம்மாற்றம் தமிழ்க் குழந்தைக்கு உறவினை உணர்தலை எளிதாக்குகின்றதா, அரிதாக்குகின்றதா என்பது நம் மொழியியல் மாணவர் எடுத்தாராயத் தக்கது.

இத்துணையும் கூறியதால், கடலே போதும், பள்ளி வேண்டா என நாம் சொல்ல வருவதாகக் கொள்ளலாகாது. அவ்வாறு கூறுவோரும் உளர்; மீனவர் மகனுக்கு மீன்பிடித் தொழிலே கல்வி என்பது அவர்தம் வாதம். அது கேட்பதற்கு இனிதாயினும், அவனைக் கரையிலேயே நிறுத்திவைக்கும் வாதம். இதற்கு மறுப்பினை உருசிய நாட்டு உளநூலறிஞர் வைகாட்ஸ்கி (1896–1934) தம் இறுதி நூலிற் கூறியுள்ளார். சிந்தனையும் பேச்சும் பற்றிய அந்நூல் அவர் மறைந்த 1934ஆம் ஆண்டிலேயே வெளிவந்தது. குழந்தையின் கருத்துகள் இருவழியில் தோன்றும் என்பது அவர் கொள்கை. வாழ்க்கையில் தானாக முளைக்கும் கருத்து ஒன்று. பள்ளியில் இலக்கணத்தோடு கற்பிக்கப்படும் கருத்து மற்றொன்று. ஆர்க்கிமிடீசின் விதியைப் பள்ளிச் சிறுவன் ஒழுங்காக எடுத்துரைப்பான். சகோதரன் என்பான் யார் என்று கேட்டால் தடுமாறுவான். ஆனால் தன் சகோதரனைப் பற்றி அவனறிந்தது ஆர்க்கிமிடீசைப் பற்றி அறிந்ததினும் எத்தனையோ மடங்கு மிகுதி. வாழ்க்கைக் கருத்து உள்ளடக்கம் நிறைந்தது. ஆயினும் அதனை உடையவன் அதனைத் தானே எடுத்து நோக்க வல்லனல்லன். பள்ளிக் கருத்து எடுத்து நோக்குதற்கு எளிது. ஆயினும் உள்ளீடு குறைந்தது. முன்னது கீழிருந்து மேல்நோக்கி வளரும்; பின்னது மேலிருந்து கீழ்நோக்கி இறங்கும். இரண்டும் சந்திக்குமிடத்தே உண்மையான அறிதல் நிகழும்.

சந்திப்பு தானாக நேர்வதன்று என்பதற்குப் பிற்கால ஆய்வுகள் கரி. பிரேசில் நாட்டு இரெசிபி நகரின் தெருக்களில் தேங்காயும் பழமும் விற்ற 9 முதல் 15 அகவை வரையுள்ள ஐந்து சிறாரைப் பற்றி மூன்று ஆய்வாளர் 1985இல் எழுதினர். விற்பனையின்போது கேட்ட கணக்குகளில் நூற்றுக்கு 98 விழுக்காடு சரியான விடை வந்தது. அவ்வெண்களையே வெறுங்கணக்காகத் தாளிற் கொடுத்தபோது 37 விழுக்காடே சரியாக வந்தது. ஒரு தேங்காய் 35 குருசேரோ எனின் பத்துக் காய்க்கு என்ன விலை எனக் கேட்டதற்கு 12 அகவைச் சிறுவன் மூன்று காய்க்கு 105, மற்றும் மூன்றிற்கு 210 எனக் கூட்டிக்கொண்டே போய் 350 எனச் சரியாகச் சொன்னான். பத்தாற் பெருக்க ஒரு சுழியைச் சேர்த்தலே போதும் என்னும் பள்ளி வழி அவனுக்கு உதவவில்லை. அவன் வழியைப் பள்ளியும் அறியவில்லை. நம் நாட்டில் கொல்கத்தா, தில்லி நகரங்களின் சந்தைகளில் தொழில் செய்யும் சிறாரை ஆராய்ந்து 2025இல் வெளிவந்த ஆய்வும் இதனையே உறுதி செய்தது. சந்தைச் சிறார் வாணிகக் கணக்கில் வல்லவராயும் பள்ளிக் கணக்கில் தளர்ந்தும் காணப்பட்டனர். சந்தையறியாத பள்ளிச் சிறாரோ ஏட்டுக் கணக்கிலே தேறியும் வாணிகக் கணக்கில் இடர்ப்பட்டும் நின்றனர். ஆகவே குறை ஒருபக்கத்தது அன்று.

இனிச் சிவசுப்பிரமணிய ஐயரின் பாடத்தை மீண்டும் நோக்குவோம். வகுப்பறையில் அவர் வரைந்த படம் மேலிருந்து இறங்கிய கயிறு. அதனைப் பற்றுதற்குக் கீழே கை எதுவும் நீளவில்லை. கடற்பறவையைப் பற்றிய சிறாரின் பழக்கம் கீழிருந்து எழுந்த கொடி. பற்றிப் படர்வதற்கு அதற்கு மேலே கொழுகொம்பு இல்லை. மாலையிற் கடற்கரையில் நிகழ்ந்தது இவ்விரண்டின் பிணைப்பு. காலையிற் கேட்ட இறக்கை, வால், திசைமாற்றம் என்னும் சொற்கள் உள்ளத்தில் இருந்தமையால் மாணவர் மாலையிற் பறவையைப் புதிதாக நோக்கினர். முன்பு பறவை பறந்தது, இப்போது அது வாலைத் திருப்பியது. காலைப் பாடம் வீணாயிற்று என எண்ணுதல் தவறு. அப்பாடம் இன்றேல் அம்மாலை மற்றுமோர் உலாவாகவே கழிந்திருக்கும்.

அகவையும் பொருந்தி நிற்கின்றது. பத்தாண்டுச் சிறுவன், கண்முன் உள்ள பொருளைப் பற்றி முறைப்பட எண்ணவல்ல நிலையில் உள்ளான். காணாத ஒன்றைக் கோட்டுருவாக மட்டும் கொண்டு எண்ணுதல் அவனுக்கு அப்போதுதான் கைகூடத் தொடங்கும். படத்தை அவன் விளங்கிக்கொள்ளாமை அறிவின் குறைவன்று. அதனை வாய்விட்டுச் சொல்ல இடந்தந்த ஆசிரியரும் பாராட்டிற்குரியர். விளங்கவில்லை என்பவனை மந்தன் எனக் குறித்துவைக்கும் வகுப்பறைகளே நாட்டில் மிகுதி. அக்குறிப்பின் விளைவு கடற்கரைப் பள்ளிகளிற் பெரிது. அது எளிதிற் பள்ளியை விட்டு நீங்கும் முடிவாக மாறுகின்றது. கையுதவி வேண்டும் தொழிலும், உடன் வரக்கூடிய படகும் வாயிலிலேயே நிற்கின்றன அல்லவோ?

ஆசிரியர் ஒருவரே இப்பிணைப்பினைச் செய்ய வல்லார் என்பதும் இல்லை. கலாம் அவர்களின் 'அக்னிச் சிறகுகள்' என்னும் தன்வரலாற்றில் வேறு சிலரும் வருகின்றனர். தந்தையார் சைனுலாபுதீன், இராமேசுவரத்திலிருந்து தனுசுக்கோடிக்கு வழிப்போக்கரை ஏற்றிச் செல்ல மரக்கலம் ஒன்றைக் கடற்கரையிற் கட்டியபோது, அது உருப்பெறுவதைச் சிறுவர் உடனிருந்து கண்டார். அப்பணியில் உதவிய உறவினர் அகமது சலாலுதீன், அகவையில் ஏறத்தாழப் பதினைந்தாண்டு மூத்தவர். சிறுவரோடு நெடுந்தூரம் நடந்து, தீவிற்கு அப்பாலுள்ள உலகைப் பற்றியும் புதிய அறிவியற் செய்திகளைப் பற்றியும் உரையாடியவர். இரண்டாம் உலகப் போரின்போது இராமேசுவரத்தில் வண்டி நிற்றல் நிறுத்தப்பட, ஓடும் தொடர்வண்டியிலிருந்து வீசப்பட்ட செய்தித்தாட் கட்டுகளைத் திரட்டும் பணியில் மற்றோர் உறவினர் சம்சுதீனுக்குச் சிறுவர் துணைநின்றார். குழந்தை தனித்துச் செய்ய இயலாததை மூத்தார் ஒருவரின் துணையோடு இன்று செய்யும். நாளை தானே செய்யும் என்பது வைகாட்ஸ்கியின் மற்றொரு கோட்பாடு. நடந்துகொண்டே பேசிய சலாலுதீனை அத்தகைய மூத்தாராக நாம் கொள்ளலாம். நூலில் வரும் இப்பகுதிகளை உளநூல் நோக்கிற் படிப்பார்க்குக் கடற்கரைப் பாடம் தனியே நின்ற ஒரு விந்தையாகத் தோன்றாது.

இவ்விடத்தே தமிழ்த்துறையின் பங்கு தொடங்குகின்றது. வாழ்க்கைக் கருத்து சொல்லில் உறைகின்றது. பள்ளிக் கருத்தும் சொல்லாகவே வருகின்றது. இருவகைச் சொற்களும் ஒன்றையொன்று அறியாவிடிற் கருத்துகளும் சந்தித்தல் அரிது. காற்றின் பெயர்களையே எடுத்துக்கொள்வோம். கிழக்கே கொண்டல், மேற்கே கோடை, வடக்கே வாடை, தெற்கே தென்றல் என நாம் இலக்கியத்தில் நான்கு பெயரைக் கற்பிக்கின்றோம். இராமநாதபுரக் கரையிற் கொண்டலும் வாடையும் அவ்வாறே வழங்குகின்றன. கோடைக்குக் கச்சானும், தென்றலின் திசைக்குச் சோழகமும் வழங்குகின்றன. இவ்விரு சொற்களும் பாடநூலுக்குள் வரும் பேறு பெரும்பாலும் பெறவில்லை. பாடத்தில் வரும் தென்றலோ சோலையில் தவழ்ந்து மலர்மணம் கொணர்வது. தென்கடலில் அதே திசைக் காற்றோடு போராடி மீண்ட தந்தையின் மகன், அச்சொல்லைத் தன் வீட்டுக் காற்றோடு இணைத்துப் பார்க்க வழியில்லை. சோழகமும் தென்றலும் ஒரு திசையின என ஆசிரியர் ஒரு சொற்றொடர் கூறின் போதும். ஒன்று கரையில் நின்று நுகர்வோன் வைத்த பெயர், மற்றொன்று பாய் விரித்தோன் வைத்த பெயர் என்னும் நயமும் அங்கே பிறக்கும். சங்கப் பாடல்களில் வரும் அலவனாட்டும் வண்டற் பாவையும் அவ்வூர்ச் சிறாருக்கு உரைநூல் வேண்டாத செய்திகள். உரையாசிரியர் பத்தி பத்தியாக விளக்கும் நண்டின் ஓட்டத்தை அவர்கள் மாலைதோறும் துரத்துகின்றனர். நெய்தற் பாடலைக் கற்பிக்கும் நாம், நெய்தல் நிலத்துப் பிள்ளையிடம் கேட்டறிய வேண்டியது சிறிதன்று.

இதுகாறும் நெய்தற் சொற்களைத் தொகுத்தோர் முதிர்ந்த மீனவரை வினவியே தொகுத்தனர், அஃது இயல்பே. குழந்தை அச்சொற்களை எவ்வகவையில் எப்பொருளிற் பெறுகின்றது என்னும் நோக்கிலும் தொகுப்பு நிகழ்தல் வேண்டும். கச்சான் என்னும் சொல்லை நான்காண்டுக் குழந்தையும் கூறும். அதற்கு அது பெருங்காற்று என்னும் பொருளே தரலாம். அதே சொல் எட்டாண்டுச் சிறுவனுக்குத் திசையாகவும், பன்னிரண்டில் பருவமாகவும் மீன்வரவாகவும், வத்தையை எக்கரையில் இழுத்துவைப்பது என்னும் முடிவாகவும் விரிதல் கூடும். ஒரு சொல் ஒரு வாழ்நாளின் முதற் பன்னீராண்டில் இவ்வாறு பொருள் விரிந்து செல்லும் வரலாறு, நூற்றாண்டுகளினூடே சொற்பொருள் மாறும் வரலாற்றினும் ஆய்வுச் சிறப்பிற் குறைந்ததன்று. முதுகலை மாணவர் ஒருவர் மண்டபத்திலோ பாம்பனிலோ ஓராண்டு தங்கி, இரு காற்றுக் காலங்களிலும் அச்சிறாரிடம் ஒரே வினாவைக் கேட்டுக் குறித்தல் வேண்டும்: எந்தக் கடல் அமைதியான கடல்? வடகடல் எனக் குழந்தை உடனே விடையிறுக்கும் அகவை ஒன்று உண்டு. எப்போது கேட்கிறீர்கள், கச்சானிலா வாடையிலா எனக் குழந்தை நம்மைத் திருப்பி வினவும் அகவையும் ஒன்று உண்டு. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட ஆண்டுகளிற் பள்ளியில் அதற்கு என்ன கற்பித்தோம் என்பதும் அக்குறிப்பேட்டில் உடன் இடம்பெறல் வேண்டும்.